சனிக்கிழமை மஞ்சள்

திருவிடந்தையில் கடலைப் பார்த்த அடுக்குமாடி. கதவைத் திறந்த ஸ்ரீதேவி, உள்ளே வரச் சொல்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“அடுப்பு வாங்கி மூணு மாசம்தான் ஆகுது. ஆறு வாரமா, சனிக்கிழமை காலையிலேர்ந்து பெரிய பர்னர் மட்டும் மஞ்சளா எரியுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தானா நீலமாயிடும். ரெண்டு மெக்கானிக் வந்து டியூப், ரெகுலேட்டர் எல்லாம் மாத்திட்டாங்க. வீட்ல கைக்குழந்தை இருக்கு. எனக்குப் பொறுமையே போச்சு.”

மாமல்லபுரத்தில் அடுப்பு பழுதுபார்க்கும் சாராள் தலையசைத்தாள். பின்னால் கருவிப் பையோடு அவள் கணவன் ஜெரோம். ஆட்டோ ஓட்டுபவன்; சவாரி இல்லாத நாளில் மனைவியோடு வந்து, அவளுக்கு முன்னால் துப்பறிந்துவிடப் பார்ப்பவன்.

“அடுப்பைக் கழுவுறது யாரும்மா?”

“எங்க வீட்டு வேலைக்கு வர்ற வேண்டாதான். வெள்ளிக்கிழமை கழுவி ஈரத்தோட மாட்டிடறாங்க. இன்னியோட வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லிட்டேன்.”

சமையலறை வாசலில் நின்ற வேண்டா முகம் சிவந்தாள். “மூணு பர்னரும் தேய்ச்சி, தண்ணில அலசி, பால்கனி வெயில்ல காயவச்சித்தான் மாட்டறேன். நாலு மணிக்குக் கெளம்பிடறேன். எத்தினி வாட்டிம்மா சொல்றது?”

“ஈரமாத்தான் இருக்கும்,” என்றான் ஹாலில் குழந்தையைத் தோளில் போட்டிருந்த சம்பத், திரும்பாமலே. “என் வீட்டுக்காரர். கல்பாக்கம் ஆய்வுக்கூடத்துல சோடியத்தோட வேலை செய்யறார்,” என்றாள் ஸ்ரீதேவி.

சாராள் மூன்றையும் பற்றவைத்தாள். இரண்டு நீலம். பெரியது ஆரஞ்சு கலந்த மஞ்சள்.

“காத்து பத்தல சாரா,” என்றான் ஜெரோம்.

அவள் பெரிய பர்னரின் மேல் தண்ணீரோடு ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து, பத்து நிமிஷம் கழித்துத் தூக்கினாள். அடி பளபளவென்று இருந்தது. “காத்து பத்தலன்னா கரி புடிக்கும். எங்க கீது?”

“அப்ப கடல் காத்துல வர்ற உப்பு.”

“கடல் காத்து சனிக்கிழமை பாத்து, மூணுல ஒரு பர்னர மட்டும் தேடிகினு வருமாய்யா? ஆனா உப்புன்ன பாரு, அது சரி.”

சிட்டிகை உப்பை எடுத்துச் சின்ன பர்னரின் நீலச் சுடரில் தூவினாள். அதுவும் அதே மஞ்சளானது. பெரிய பர்னரை அணைத்து, ஆறவிட்டுக் கழற்றினாள். விளிம்பில் வெள்ளையாக ஒரு படிவு. நடுவே கருகிய கடுகு நான்கைந்து.

“உப்பு தண்ணில கரையும். வேண்டா கழுவுறதுக்கு முன்னால போட்டிருந்தா இது நின்னிருக்காது. அவங்க போனப்புறம் யாரோ போட்டது. சமைக்கச் சமைக்க உப்பு கொஞ்சம் கொஞ்சமா போயிடுது, ஞாயித்துக்கிழமை நீலமாயிடுது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல வூட்ல யாரு?”

“சிறுசேரி ஆபீஸ்லேர்ந்து நான் வர எட்டாயிடும்...” ஸ்ரீதேவியின் பார்வை ஹாலுக்குப் போனது.

“குழந்தைக்கு உப்பும் கடுகும் சுத்தினா அத நெருப்புல போடணும். இந்த வூட்ல வேற நெருப்பு ஏது? சார், உப்புல கீற சோடியம் எரிஞ்சா இன்னா கலருன்னு இங்க எல்லாரையும்விட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். நீங்க ஈரம்னு சொன்னதுதான் எனக்கு இடிச்சிது.”

சம்பத் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றான். “சாயங்காலமானா விடாம அழறா. திருஷ்டியா இருக்குமோன்னு... நீ சிரிப்பேன்னு சொல்லல.”

“ஆறு வாரமா அவங்களத் திட்டறேன். பக்கத்துல நின்னு கேட்டுட்டுதானே இருந்தீங்க?” என்று அவனிடம் கேட்டுவிட்டு ஸ்ரீதேவி வேண்டாவிடம் திரும்பினாள். “திங்கக்கிழமை வந்துடுங்க.”

“சாரு சொல்லட்டும்.”

“என் தப்புதான் வேண்டா. மன்னிச்சிக்குங்க. வாங்க,” என்றான் அவன்.

சாராள் பர்னரை வெந்நீரில் ஊறப்போட்டாள். “இது கெடுதல் இல்லம்மா, வெறும் உப்புக் கலர். ஊறினதும் ஓட்டைய ஊசியால குத்தி, அலசி, காயவச்சி மாட்டினாப் போதும். சார், இனிமே சுத்தின உப்பைத் தண்ணில கரைச்சி சிங்க்ல ஊத்திடுங்க.”

ஒரு மணி நேரம் கழித்து மாட்டிப் பற்றவைத்தபோது மூன்றும் நீலமாக எரிந்தன.