வரிசைக்கான காரணம்

தொலைபேசி வலைய அலுவலகத்தின் புதன்கிழமை காலைக் கூட்டத்தில் வசுமதி செய்யும் முதல் வேலை, திட்டப் படிவத்தைப் படிக்காமல் வந்திருப்பவர்கள் யார் யார் என்று பார்ப்பது. அன்றைக்கும் எல்லோருமேதான். நாற்பத்தேழு பக்கம். பழைய சாஃப்ட்வேர் வெர்ஷனை எந்தக் கணுவகத்திலிருந்து எப்போது இறக்குவது, புதியதை எப்படி ஏற்றுவது, சொதப்பினால் எப்படிப் பின்வாங்குவது என்று மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியிருந்தாள். துணைப் பொது மேலாளர் ஜெகதீசன் அதன்மேல் காபி டம்ளரை வைத்திருந்தார்.

"ரெண்டே கணுவகம்தானேம்மா பாக்கி? வட-1, தென்-4. வழக்கம்போல தென்-4 முதல்ல. முடிச்சு விடு."

"வழக்கம்போல என்ன காரணம் எழுதட்டும் சார்?"

"வழக்கம்போலத்தான். தொழில்நுட்பக் காரணம்."

நாட்டின் பேச்சு முழுவதும் மேகக் கணுவகங்கள் என்கிற இருநூறு கணினி நிலையங்கள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. யார் யாரை அழைக்கிறார்கள், இணைப்பு எப்போது தொடங்கியது, எந்தப் பக்கத்திலிருந்து முறிந்தது என்று கவனிக்கும் சிக்னலிங் வேலை அவற்றுடையது. சாதாரண அழைப்பென்றால் தொல்லையில்லை. பேசுகிறவருக்கே தெரியாமல் அரை நொடியில் பக்கத்துக் கணுவகத்துக்குத் தள்ளிவிடலாம். வழக்கிணைப்பைத் தள்ள முடியாது. அது தொடங்கிய கணுவகத்திலேயே முத்திரையிடப்பட்டது.

வழக்கிணைப்பு என்பது ஒரு புத்திசாலி அரசாங்கத்தின் கண்டுபிடிப்பு. தேங்கிய வழக்குகளைத் தீர்க்க இன்னும் நூற்றைம்பது ஆண்டு ஆகும் என்று தெரிந்ததும், நீதிமன்றங்களை இழுத்துப் பூட்டிவிட்டு, வாதியையும் பிரதிவாதியையும் ஒரு போன் அழைப்பில் இணைத்துவிட்டது. பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தீராவிட்டால், முதலில் அழைப்பைத் துண்டிப்பவர் தோற்றவர். எதிர்த்தரப்பு சொன்னதே உண்மை என்று பதிவாகும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை காதில் மாட்டிய கருவி கூப்பிடும்போது "இருக்கேன்" என்று சொல்லாவிட்டாலும் துண்டித்ததாகவே அர்த்தம். பொறுமை உள்ளவன் பக்கம்தான் நியாயம் இருக்கும் என்று அமைச்சர் விளக்கம் சொன்னார். சபையில் உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

கம்பெனிகள் ஒரே வாரத்தில் பொறுமையை விலைக்கு வாங்கின. செவிக்காவலர் என்று ஆள் போட்டு, மூன்று ஷிப்டில் காதைப் பிடித்துக்கொண்டு உட்காரவைத்தன. மற்றவர்கள் தங்கள் சொந்தக் காதோடு உட்கார்ந்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் மேம்பாட்டுத் திட்டம் போடுகிறவளுக்கு என்ன அதிகாரம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கணுவகத்தை நிறுத்தினால் அதிலுள்ள வழக்கிணைப்பு அறுந்துபோகும். முறிப்புச் சமிக்ஞை அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பும். ஆக, எந்தப் பக்கத்துக் கணுவகத்தை முதலில் நிறுத்துகிறோமோ, அந்தப் பக்கம் தோற்றது. இரண்டையும் ஒன்றாக நிறுத்தவும் கூடாது. ஆம்புலன்ஸ் அழைப்புகளுக்கு ஒன்றாவது நிற்க வேண்டும். வரிசை போடுகிறவள்தான் நீதிபதி. வசுமதி இதுவரை பதினாலு வரிசை போட்டிருந்தாள். பதினாலிலும் கம்பெனிக்காரன் பக்கம் கடைசியில்தான் நிறுத்தப்பட்டது.

இந்த முறை மிச்சமிருந்தது ஒரே ஒரு வழக்கிணைப்பு. வட-1-இல் மெட்ராஸ் நீலமுத்து குளிர்பதன மீன் நிறுவனம். தென்-4-இல் தூத்துக்குடி லூர்து மேரி. அழைப்பு தொடங்கி நாலு வருடம், இரண்டு மாதம். மேரியின் கணவர் சகாயம் குளிர்கிடங்கின் சரக்கு லிஃப்டில் நசுங்கி இறந்தார். அன்றைக்கு அவருக்கு வேலையே இல்லை, இறால் திருட வந்தவர் என்றது நிறுவனம். வேலையில்தான் இருந்தார் என்றாள் மேரி. மேரி பக்கம் அழைப்பு அறுந்தால் சகாயம் அரசாங்கப் பதிவேட்டில் என்றென்றைக்கும் திருடன்.

நீலமுத்துவின் இணைப்பு ஆலோசகர் ரெஜினால்டு அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெளி ஆளுக்கு அங்கே இடமில்லை. ஆனால் அவருக்குத்தான் முதல் காபி வந்தது.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வச்சுக்குங்க மேடம். எங்க டைரக்டர் சில கெஸ்ட்டோட வர்றார். திரையில பார்க்கணும்னு ஆசைப்படறார்."

"ஒரு பொம்பளை தோக்கறதைப் பார்க்க கெஸ்ட்டா?"

"டெக்னாலஜி பார்க்க மேடம்," என்று ரெஜினால்டு சிரித்தார். பற்களெல்லாம் ஒரே அளவில் இருந்தன.

"அப்ப தென்-4 முதல்ல, பதினோரு மணிக்கு. இது உங்க வேண்டுகோள். எழுத்துல அனுப்பிடுங்க."

"அதுக்கென்ன, இப்பவே." அங்கேயே போனை எடுத்துத் தட்டினார். நிறுவனத்தின் பெயர், முத்திரை, கையொப்பம் எல்லாவற்றோடும் கடிதம் வந்து விழுந்தது. எதை எழுதினாலும் யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியம். அந்தத் தைரியத்தைப் பார்த்துத்தான் வசுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருட்டுத்தனம் செய்கிறவன் கொஞ்சமாவது ஒளிந்து செய்யவேண்டாமா? எதிரே இருப்பவர்களை அந்த மரியாதைக்குக்கூடத் தகுதியில்லாதவர்கள் என்று நினைத்துவிட்டான். அவன் நினைத்தது சரி என்பதுதான் இன்னும் எரிச்சல்.

விதிப்படி இரு தரப்புக்கும் அவளே அறிவிப்புச் சொல்ல வேண்டும். மதியம் அந்த அழைப்புக்குள் நுழைந்தாள்.

"...புளியைக் கம்மியாப் போடுங்க அண்ணே, நெத்திலிக்கு அவ்வளவு தாங்காது," என்று ஒரு பெண்குரல்.

"நீ சொன்னா சரிம்மா," என்று ஆண்குரல். நீலமுத்துவின் பகல் ஷிப்ட் செவிக்காவலர் பெருமாள்சாமி. பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாகப் பகைவனாக வேலை பார்க்கிறார்.

"வலையத்துலேர்ந்து பேசறேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு சாஃப்ட்வேர் மேம்பாடு. உங்க இணைப்புல சிறு இடையூறு ஏற்படலாம்," என்று வசுமதி படிவத்தில் இருந்ததை ஒப்பித்தாள்.



"எந்தப் பக்கம் முதல்ல?" என்றாள் மேரி.

"அது தொழில்நுட்ப..."

"ஏம்மா, நாலு வருசமா காதுல இதை மாட்டிட்டே மீன் வெட்டுதேன், மாட்டிட்டே தூங்குதேன், எந்திரிச்சு எந்திரிச்சு இருக்கேன்னு சொல்லுதேன். எங்கிட்டயே தொழில்நுட்பமா? தூத்துக்குடியா, மெட்ராஸா? அதை மட்டும் சொல்லு."

"தூத்துக்குடி."

"அண்ணே, கேட்டீங்களா? இனிமே உங்க கொழம்பை நீங்களே பாத்துக்கிடுங்க." பிறகு வசுமதியிடம், "இதுக்கு முன்னால எத்தனை பேரை அறுத்திருக்க?"

"பதினாலு தடவை."

"ஆளு எத்தனைன்னு கேட்டேன்."

வசுமதிக்குத் தெரியவில்லை. ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

"போ. கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கு," என்றாள் மேரி. கெஞ்சலும் இல்லை, அழுகையும் இல்லை. செருப்பில் ஒட்டியதைத் தட்டிவிடுகிற குரல்.

அன்று மாலை வசுமதி படிவத்தின் நாற்பத்துமூன்றாம் பக்கத்தைத் திறந்தாள். 'வரிசைக்கான காரணம்' என்று ஒரு கட்டம். அதை மனிதர்கள் படிப்பதில்லை. ஆனால் தீர்ப்பி படிக்கும். முறிந்த ஒவ்வொரு வழக்கிணைப்புக்கும் முடிவு எழுதும் நிரல் அது. கட்டத்தில் தொழில்நுட்பக் காரணம் என்றிருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து முறிப்புச் சமிக்ஞை வந்ததோ அந்தப் பக்கம் தோற்றதாக எழுதும். ஒரு தரப்பின் வேண்டுகோள் என்றிருந்தால், கேட்டவரே துண்டித்தவர் என்று எழுதும். சட்டத்தை எழுதியவர்களில் எவனோ ஒருத்தன் தப்பித்தவறி யோக்கியனாக இருந்திருக்கிறான்.

அவளுக்கு மேரிமீது இரக்கம் பொங்கவில்லை. ரெஜினால்டின் பற்கள்தான் கண்ணுக்குள் நின்றன. எழுதினாள்: 'நீலமுத்து நிறுவனத்தின் எழுத்துபூர்வ வேண்டுகோள். கடிதம் இணைப்பில்.'

படிவம் ஐந்து பேர் கையொப்பத்துக்குப் போக வேண்டும். அதில் ஒருவர் படித்தாலும் போதும், அவளுக்கு வேலையும் போகும், வரிசைக்கும் பழைய காரணம் வந்துவிடும். வியாழக்கிழமை முழுக்கப் படிவம் மேசை மேசையாக நகர்ந்தது. பாதுகாப்புப் பிரிவு நாலு நிமிடத்தில் கையெழுத்திட்டது. சட்டப் பிரிவு இரண்டு நிமிடம். தரக் கட்டுப்பாட்டுக்காரர் லீவில் இருந்தபடியே ஒப்புதல் கொடுத்தார். நிதிப் பிரிவிலிருந்து ஒரு திருத்தம் வந்தபோது நேரே நாற்பத்துமூன்றாம் பக்கத்தைப் புரட்டினாள். முகப்புப் பக்கத்தில் லோகோ பழையது என்றிருந்தது. மாற்றிக் கொடுத்தாள். கடைசியில் ஜெகதீசன்.

"எல்லாம் வழக்கம்போலத்தானே?"

"படிச்சுப் பாருங்க சார்."

"உன்மேல நம்பிக்கை இல்லாமலா?" என்று கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை டைரக்டரும் விருந்தாளிகளும் முந்திரி கொறித்துக்கொண்டு பெரிய திரையின் முன் உட்கார்ந்தார்கள். பதினோரு மணிக்குத் தென்-4 அணைந்தது. நாலாவது நொடியில் தீர்ப்பி எழுதியது: 'இணைப்பைத் துண்டித்தவர்: நீலமுத்து குளிர்பதன மீன் நிறுவனம். எதிர்த்தரப்பின் கூற்று உண்மையெனப் பதியப்படுகிறது. சகாயம் பணியில் இருக்கையில் இறந்தார்.'

ரெஜினால்டு முதலில் கைதட்டத் தொடங்கி, பாதியில் படித்து நிறுத்தினார்.

"எவன் எழுதினது இதை?" என்று ஜெகதீசன் கத்தினார்.

"நான்தான் சார். கீழே உங்க கையெழுத்து."

"மாத்து! உடனே மாத்து!"

"பதிவானதை மாத்த முடியாது. பதினாலு தடவை அழுதுக்கிட்டு வந்தவங்ககிட்ட நீங்கதான் அப்படிச் சொல்லி அனுப்பினீங்க."

விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றார்கள். மேசையை ஒழிப்பதற்கு முன் வசுமதி இரண்டு காரியம் செய்தாள். பழைய பதினாலு படிவங்களையும் திறந்து ஆட்களை எண்ணினாள். பிறகு தூத்துக்குடிக்கு அழைத்தாள். நன்றியை எதிர்பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எதிர்பார்த்தாள்.

"பாத்தேன்," என்றாள் மேரி. "வேலையிலதான் செத்தாருன்னு வந்துருச்சு. நாலு வருசமா சொன்னதைத்தான் அது நாலு நொடியில சொல்லுது. சரி, ஆளு எத்தனை?"

"இருநூத்து முப்பத்தொண்ணு."

"அவங்களுக்கெல்லாம் என்ன காரணம் எழுதுன?"

"தொழில்நுட்பக் காரணம்."

"அங்கயும் எவனாவது கேட்டுத்தான செஞ்ச?"

வசுமதி பழைய கோப்புகளைப் புரட்டினாள். பிறகு, "ஆமா. கடிதம்கூட இருக்கு," என்றாள்.

"கடிதத்தைக் கையில வச்சுக்கிட்டு எங்கிட்ட என்னம்மா பேச்சு? அவங்ககிட்ட கொண்டு குடு."

அதோடு இணைப்பு அறுந்தது. வசுமதி திரையைப் பார்த்தாள். புதிய வெர்ஷன் பிசிறில்லாமல் வேலை செய்தது. முறிப்புச் சமிக்ஞை தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தது. நாலு வருடத்தில் லூர்து மேரி தன் கையால் துண்டித்த முதல் அழைப்பு அது.