பழைய துள்ளான், புதிய துள்ளான்

காலையில் பிள்ளைகள் கோபுரத்து வாசலில் பெற்றவர்கள் நூறு பேராவது நிற்போம். ஒருவரும் டாட்டா காட்ட மாட்டோம். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிவிடுவோம், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிடுவோம், அவ்வளவுதான். பிள்ளை உள்ளே ஓடிவிடும், நாங்கள் எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் என்ன கல்நெஞ்சமடா இவர்களுக்கு என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அவர்கள் ஊரில் கடல் இல்லை.

கோபுரத்தின் கதவு என் இடுப்பு உயரம்தான் இருக்கும். பெரியவர்கள் முண்டியடித்து வழியை அடைத்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தனிக் கோபுரங்கள் உண்டு. வகுப்புகள் நடப்பது கோபுரத்தைச் சுற்றியுள்ள கொட்டகைகளில். மேல்தளம் முழுக்க இரும்பு, வெயிலில் அங்கே யாரையும் உட்கார வைக்க முடியாது. கடலைத் தடுத்து நிற்கும் அலைச்சுவர் உடைந்தால் சங்கு ஊதும். ஊதியதும் பிள்ளைகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அந்தச் சின்னக் கதவுக்குள் புகுந்து ஏற வேண்டும். கொஞ்ச நேரத்தில் கதவு தானே மூடிக்கொள்ளும். அதன் பிறகு யாராலும் அதைத் திறக்க முடியாது. முன்பு ஊரே மூழ்கிய பெருவுடைப்பின்போது வெளியே நின்றவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்த கோபுரங்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தத் தானடைகதவு.

என் மகள் ஜெனிட்டாவுக்கு ஆறு வயது. அவளை அன்றும் அப்படி விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். சிறார் ஒளிபரப்பு ஒப்புதல் மன்றத்தில் நான் ஒப்புநோக்கர். பழைய கார்ட்டூன் தொடர்களுக்குப் புது உடம்பு கொடுத்து மறுபடி ஓட்டுகிறார்கள் அல்லவா, அதைக் காகிதத்தில் மறுவுயிர்ப்பு என்று எழுதுவோம், பேச்சில் ரீபூட் என்போம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை ஒப்பீட்டு நிரலே செய்துவிடும். ஆனால் கரைப் பகுதிப் பிள்ளைகள் பார்க்கிற தொடர் என்றால் ஒரு மனுஷரும் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அந்த மனுஷர் சின்ன வயதில் ஒரு முறையாவது கோபுரம் ஏறியவராக இருக்க வேண்டும் என்று விதி. நான் ஏறியவள். அன்று என் மேசைக்கு வந்தது ‘துள்ளான்’.

துள்ளானைத் தெரியாமல் எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் யாரும் இல்லை. சேற்றில் துள்ளி, அலையாத்தி மரத்து வேரில் தொற்றி ஏறுகிற உளுவை மீன்குட்டி அவன். பெருவுடைப்பு முடிந்த கையோடு யாரோ நாலு பேர் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து வரைந்த தொடர். தண்ணீர் முருங்கைக்கீரைச் சூப்பு மாதிரி இருக்கும். துள்ளானின் அம்மாவுக்கு முகம் என்று இரண்டு புள்ளியும் ஒரு கோடும்தான். ஒவ்வொரு பாகத்திலும் துள்ளான் எதையாவது விளையாடிக்கொண்டிருப்பான், தண்ணீர் ஏறும், அவன் மரத்தில் ஏறிப் பொந்துக்குள் போவான். கீழே இருந்து அம்மா கூப்பிடுவாள்: “துள்ளா, நில்லு, நானும் வர்றேன்.” அவன் நிற்க மாட்டான், திரும்பியும் பார்க்க மாட்டான். பொந்து மூடிக்கொள்ளும். அடுத்த பாகத்தில் அம்மா ஒன்றும் நடக்காததுபோல வந்து நிற்பாள். தொடரின் நடுவில் ஒரு பாகத்தோடு அவள் வருவது நின்றுவிடும். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். துள்ளான் தனியாகச் சாப்பிடுவான், தனியாக விளையாடுவான், கதை தன் பாட்டுக்கு ஓடும்.

புதிய துள்ளானை நியாயமாகச் சொல்ல வேண்டும். பழையதைவிட நூறு மடங்கு அழகு. அவன் முதுகில் ஈரம் மின்னுகிறது. கூடவே ஒரு வாயாடி நண்டு, அது பேசுகிற பேச்சுக்கு நானே இரண்டு இடத்தில் சிரித்துவிட்டேன். தண்ணீர் ஏறுகிறது, துள்ளான் ஏறுகிறான், அம்மா கூப்பிடுகிறாள். துள்ளான் நிற்கிறான். திரும்புகிறான். பொந்து மூடாமல் இருக்கிறது. அம்மா ஒரே எம்பாக எம்பி வந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள், அதற்குப் பிறகுதான் பொந்து மூடுகிறது. எல்லாப் பாகத்திலும் இப்படியே. எனக்குக் கண் கலங்கியது, அதை மறைப்பானேன். உடனே எங்கள் கோபுரத்துக் கதவும் ஞாபகம் வந்தது.

தொடரை எடுத்தவர் தரணிதரன் என்ற இளைஞர், கோயம்புத்தூர்க்காரர். பேச்சு அவ்வளவு பதவிசு. திரையில் வந்தார்.

“அக்கா, ஒப்பீட்டு நிரலே தொண்ணூத்தாறு மார்க் போட்டிருக்குதுங்க,” என்றார்.

“மிச்சம் நாலு எங்க போச்சு?”

“அது உணர்ச்சி மேம்பாடுங்க்கா. அதக் கொறையா எடுக்கக் கூடாதுங்க.”

“மரத்துப் பொந்து காத்திருக்கு தம்பி. எங்க ஊரு கதவு காத்திருக்காது.”

“புது உணர்கதவுத் திட்டம் பாஸ் ஆயிருச்சுங்களே. ஆள் வர்றது தெரிஞ்சா மூடாம நிக்கும். கதவும் தொடரும் ஒண்ணாத்தான் வருதுங்க.”

“கதவு எப்ப வருது?”

“அது வேற துறைங்க்கா.”

“அப்ப அந்தத் துறை வந்து கதவ மாத்தட்டும். அதுக்கு அப்பறம் நீங்க துள்ளான மாத்துங்க.”

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “தப்பா நெனச்சுக்காதீங்க. பழைய துள்ளானப் பாத்து வளந்தவங்ககிட்ட ஒரு ஆய்வு பண்ணுனமுங்க. உங்க ஊர்ல யாரும் யாரையும் வழியனுப்பறதில்ல. ரயில் கெளம்பறப்ப ஜன்னலப் பாக்கறதில்ல. சாவு வீட்டுல கடைசியா மொகம் பாக்கக் கூப்புட்டா எந்திரிச்சு வெளிய போயிர்றாங்க. இன்னொரு தலமொறையும் இப்படியே வளரணுங்களா?”

என் அம்மாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. தெருமுனையில் போய் நின்றுகொண்டிருந்தேன். அது இவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

“ரயில்ல ஏர்றதுக்கு மொதல்ல ஆள் உசுரோட இருக்கணும் தம்பி,” என்றேன். “நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“உங்க உரிமைங்க்கா. ஆனா விருப்பச் சோதனைக்குன்னு ஒரு மாசமா வீட்டுத் திரைக்கெல்லாம் போயிட்டுத்தான் இருக்குதுங்க. உங்க ஊர்லதான் ரொம்பப் பேர் பாக்கறாங்க. பசங்களுக்கு உசுரு.”

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது ஜெனி சுவர்த்திரைக்கு முன்னால் சூசையின் மடியில் உட்கார்ந்திருந்தாள். சூசை என் கணவர். அலைச்சுவரை ஒட்டிய நீரேற்று நிலையத்தில் வேலை. திரையில் துள்ளான் நின்று திரும்பிக்கொண்டிருந்தான். ஜெனி வாய் ஓயாமல் சொன்னாள்: “இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு.” அம்மா உளுவை எம்பி வந்ததும் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அவளைத் தூங்கவைத்துவிட்டு வந்து கேட்டேன். “எத்தன நாளா ஓடுது இந்தக் கூத்து?”

“புள்ள ஆசப்பட்டுச்சு, போட்டுக் குடுத்தேன். அதுல என்ன?”

“சங்கு ஊதுனா கதவுகிட்ட நின்னு ஒங்களத் தேடுவா. அதுல என்னவா?”

“நான் வருவேன்ல,” என்றார் சூசை. “சொல்லி வச்சிருக்கேன். அப்பா ஓடியாந்து ஒன்ன உள்ள ஏத்தி வுட்டுட்டுத்தான் போவேன்னு. நெலயத்துலேருந்து ஓடுனா எட்டிப் புடிச்சிரலாம். ஓடிப் பாத்துட்டேன்.”

“ஏத்தி வுட்டுட்டு நீங்க எங்க போவீங்க?”

அதற்கு அவர் வேறொன்று சொன்னார். “எங்கப்பா கூப்புட்டது எனக்கு நல்லாக் கேட்டுச்சு, ரோஸ்லின். ஏணியில பாதியில இருக்கேன். ஏலேய்னு ஒரு சத்தம். துள்ளான் மாதிரி ஏறிட்டேன். அவரு என்ன சொல்ல வந்தாருன்னு இன்னக்கி வரைக்கும் தெரியாது. எம்மவளுக்கு அது வேணாம்.”

அந்த மனுஷனிடம் அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? விட்டுவிட்டேன். விட்டதுபோல இருந்தேன்.

பழைய துள்ளான் இப்போது எந்த வீட்டுத் திரையிலும் கிடைக்காது. ஒப்புநோக்கக் கொடுத்த பிரதி என்னிடம் இருந்தது. எனக்கும் ஜெனிக்கும் விடுமுறையாகி, சூசைக்கு மட்டும் பகல் வேலை இருக்கும் நாட்களில் அதை ஜெனிக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் படம் அசிங்கமாக இருக்கிறது என்றாள். நண்டு எங்கே என்று கேட்டாள். பிறகு அம்மா வராத பாகம் வந்தது.

“அந்த அம்மா எங்க?”

“வரல.”

“அடுத்ததுல வருமா?”

“வராது.”

“துள்ளான் நின்னிருந்தா?”

“துள்ளானும் இருந்திருக்க மாட்டான்.”

அழுதாள். அழட்டும் என்று இருந்தேன். அழுது முடித்துக் கேட்டாள். “அப்பா வந்து ஏத்தி வுடும்னு சொல்லுச்சே?”

“அப்பா வெளையாட்டுக்குச் சொல்லும். அப்பா கூப்புட்டாலும் நான் கூப்புட்டாலும் நிக்காத, திரும்பாத, ஏறு. நான் இப்புடிச் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லாத.”

மாடிப் படியில் பழக்கினேன். கீழே நின்றுகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். முதல் சில தடவை திரும்பிச் சிரித்தாள், அடி போட்டேன். அழுகிற மாதிரிக் கூப்பிட்டேன், விழுந்துவிட்ட மாதிரிக் கூப்பிட்டேன். போகப் போகத் திரும்புவதை விட்டுவிட்டாள். ஒருநாள் பால்கோவாவைக் கையில் வைத்துக்கொண்டு ஆசையாகக் கூப்பிட்டேன். பிள்ளையின் முதுகு அசையவில்லை, கால் மட்டும் ஏறிக்கொண்டே போனது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சூசை வீட்டில் இருக்கும்போது அவளும் அவரும் புதிய துள்ளானைப் பார்த்தார்கள். அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கெட்டிக்காரி.

அலைச்சுவர் உடைந்த அன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. மாசி மாதத்து வெயில். சங்கு ஊதியதும் நான் அலுவலகத்தை ஒட்டிய பெரியவர்கள் கோபுரத்தில் ஏறினேன். பிள்ளைகள் கோபுரம் இருந்த திசையை நான் பார்க்கவில்லை. மறுநாள் தண்ணீர் வடிந்து படகு வந்தது. ஜெனி பத்திரமாக இருக்கிறாள் என்று முதலில் சொன்னார்கள். சூசையைப் பற்றிச் சொல்ல நீரேற்று நிலையத்து ஞானப்பிரகாசம் வந்தார்.

“தங்கச்சி, எங்க கோபுரம் பக்கத்துலதான இருந்துச்சு,” என்றார். “நாங்கள்லாம் ஏறுறோம், அவன் எதுத்தாப்புல ஓடுறான். புடிச்சு இழுத்தேன். ‘எம்புள்ள எனக்காவ நிப்பா அண்ணே, நான் போவாம ஏற மாட்டா’ன்னு ஒதறிட்டுப் போயிட்டான்.”

சூசைக்குத் தெரியாது. நான்தான் சொல்லாமல் விட்டேனே. அவள் நிற்க மாட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரும் அண்ணனோடு ஏறியிருப்பார்.

ஒரு வாரம் கழித்து மன்றத்திலிருந்து கதவுக் கேமராவின் பதிவை அனுப்பினார்கள். எந்தப் பிள்ளை எந்தத் துள்ளானைப் பார்த்து வளர்ந்தது, எது எப்படி நடந்துகொண்டது என்று ஒப்புநோக்க வேண்டுமாம். ஏறியவள், எழுதத் தெரிந்தவள், என்னை விட்டால் ஆள் இல்லை. பதிவில் சத்தம் கிடையாது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள், குனிந்து நுழைகிறார்கள், போய்விடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளில் பலர் கதவுக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று தெருவைப் பார்க்கிறார்கள். அவர்கள் முகத்தில் பயமே இல்லை. வருவார்கள் என்று நம்பிக்கையாக நிற்கிறார்கள், ஒரு பையன் சிரிக்கக்கூடச் செய்கிறான். சூசை சட்டை நனைய ஓடி வருகிறார். ஜெனி அவரைக் கைக்கெட்டும் தூரத்தில் தாண்டிக் கதவுக்குள் போகிறாள். அவர் குனிந்து எதையோ சொல்கிறார். அவளுடைய முதுகு அசையவில்லை. ஒரு கணம் அவர் அப்படியே நிற்கிறார். பிறகு ஒதுங்கி நின்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே தள்ளத் தொடங்குகிறார். கால் உதறுகிறவர்களையும் தள்ளுகிறார். பாதிப் பேரைத் தள்ளி முடிப்பதற்குள் கதவு மூடிவிடுகிறது. மிச்சம் பேர் அவர் காலைக் கட்டிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

புதிய துள்ளானை எல்லாத் திரைகளிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். பழையதை அப்படியே மறுபடி ஒளிபரப்பப் போகிறார்கள். மன்றத்தில் என் முன்யோசனையைப் பாராட்டி ஒரு தீர்மானம் போட்டார்கள். தரணிதரன் ஒரு தடவை கூப்பிட்டார். “அக்கா,” என்றார், பிறகு அழுகைதான் கேட்டது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. உணர்கதவு எப்போது வரும் என்று அந்த வேறு துறை இன்னும் சொல்லவில்லை.

எங்களைத் திருவாரூர்ப் பக்கம் ஒரு முகாமில் தங்கவைத்திருந்தார்கள். அப்பா இனி வர மாட்டார் என்று ஜெனியிடம் சொல்லியாகிவிட்டது. சரி என்று தலையாட்டினாள், அழவில்லை. ஒரு சாயங்காலம் நான் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பா என்னைக் கூப்புட்டுச்சு,” என்றாள்.

“எப்ப?”

“கதவுகிட்ட. ‘ஜெனி, ஜெனி’ன்னு ரெண்டு தடவ. அப்பறம் என்னமோ சொல்லுச்சு, அது கேக்கல. நான் திரும்பவே இல்லம்மா. நீ சொன்ன மாதிரியே ஏறிட்டேன்.”

நான் ஒரு போர்வையை விரித்து மறுபடி மடித்தேன்.

“சரியாத்தான செஞ்சேன்?”

“சரியாத்தான் செஞ்ச.”

ரொட்டி மெல்லும் சத்தம் நின்றது.

“அப்ப ஏம்மா என்னப் பாக்காமயே சொல்ற?”