சோபா அக்காவின் ஒப்படைப்புக் குறிப்பு

கடைசி வேலை நாளின் மதியம், அடுத்து வரும் ஆளுக்காக அவள் கணினியில் எழுதிக்கொண்டிருந்த ஒப்படைப்புக் குறிப்பின் ஓரத்தில் ஒரு கேள்வி வந்திருந்தது. "அக்கா எப்படிச் சிரிப்பாள்?" கேட்டவர் பெயர் இல்லை. திங்கட்கிழமை சேரப்போகிற ஆளாக இருக்கும். வேலைக்கு வருவதற்கு முன்பே என்ன ஒரு பொறுப்பு!

மெத்தை, சோபா விற்கும் அந்தக் கடையின் சமூக ஊடகப் பக்கத்தை மூன்று வருடமாக அவள் ஒருத்திதான் கட்டி மேய்த்தாள். அந்தப் பக்கத்தில் கடை பேசாது. 'சோபா அக்கா' பேசுவாள். முகம் காட்டாத அந்த அக்காவுக்கு ஒரு பச்சை சோபா, அடங்காத ஒரு மகள். கற்பனை கைவிட்ட நாட்களில் அவள் தன் வீட்டையே அள்ளிப் போட்டிருந்தாள். பச்சை சோபா அவளுடையது. எட்டு வயது மகளும் அவளுடையவள்தான். பள்ளி விட்டு வந்து பூட்டிய வீட்டில் பிள்ளை தனியாக உட்கார்ந்திருப்பது பொறுக்காமல்தான் வேலையையே விடுகிறாள்.

"மூக்கால் சிரிப்பாள், கடைசியில் ஒரு க்ளுக்" என்று பதில் எழுதினாள்.

ஏசி முனகியது. புது ரெக்ஸின் வாடை நெஞ்சை அடைக்க, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பிளாஸ்டிக் உறை போர்த்திய சோபாக்களில் ஏதோ ஒன்று, யாரோ மெல்ல உட்கார்ந்தது போலச் சரசரத்து அடங்கியது. எட்டிப் பார்த்தாள். ஆள் இல்லை.

"படத்தில் என்ன தெரியலாம்?"

"கைகள் மட்டும். இடது மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு." எழுதிவிட்டுத் தன் மணிக்கட்டின் தழும்பை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

"மகளை எப்படிக் கூப்பிடுவாள்?"

"வாலு."

"கதவை எப்படித் தட்டுவாள்?"

"முதலில் இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று."

எழுதிய பிறகுதான் உறைத்தது. அந்தத் தட்டலுக்கு மட்டும்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிவைத்திருந்தாள். பக்கத்தில் ஒருநாளும் போடாத ரகசியம் அது. அவசரமாக அழித்தாள். ஓரத்தில் ஒரே சொல் வந்தது. "நன்றி."

மேனேஜர் அறைக்குப் போனாள். "சார், புது ஆள் இப்பவே கேள்வி மேல கேள்வியா கேக்குறாங்க."

"எந்தப் புது ஆளும்மா? இன்னும் யாரையும் எடுக்கலையே. நீ எழுதுறத எனக்கே இன்னும் அனுப்பலியே!"

மணி நாலேகால். பள்ளி விட்டிருக்கும்.

போனை எடுத்தாள். வீட்டு எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"ஹலோ?" மகள்தான்.

"வாலு, அம்மா பேசறேன். யார் தட்டினாலும் கதவத் திறக்காத. அம்மா இதோ வந்துட்டே இருக்கேன்."



"அம்மா இங்கதான் இருக்காங்க. எனக்குத் தலை பின்னிவிடறாங்க." பிறகு, பயந்த குரலில், "நீங்க யாரு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மூக்கால். கடைசியில் ஒரு க்ளுக்.

போன் துண்டிக்கப்பட்டது. உடனே சிணுங்கியது. சோபா அக்காவின் சமூக ஊடகப் பக்கத்தில் புதுப் படம்.

பச்சை சோபா. கீழே மகள். பாதி பின்னிய சடை. அதைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள். இடது மணிக்கட்டில் தழும்பு.

அவள் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

அங்கே எதுவும் இல்லை. தோல் வழவழவென்றிருந்தது.