அறுபத்தைந்தில் நின்ற மெஷின்

“வீட்டையே ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்களா? கொஞ்சம் நகருங்க சார்!”

சேலையூர் கேம்ப் ரோடு பெட்ரோல் பங்க்கில், காற்றடிக்கும் மெஷினை மறித்து நின்ற கேம்பர் வேனைப் பார்த்துத்தான் தேவதர்ஷினி கத்தினாள். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி... ஒரு குடித்தனமே நடத்தலாம். டயருக்குக் காற்றடித்து முடித்த வேன்காரன் ஃபிரெடி நிமிர்ந்தான். அவன் கண்கள்... சே, என்ன நினைப்பு இது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

“தோ, எடுத்துட்டேங்க” என்று வேனை நகர்த்தினான்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றடிக்கும் ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். அவளே குழாயைத் தன் பைக்கின் பின் டயரில் மாட்டினாள். காற்று நிறைந்துவிட்டதென்று மெஷின் கூவியதும் கிளம்பிவிட்டாள். எப்போதும் அவசரம்தான் அவளுக்கு. ஃபிரெடி தன் வேனுக்கு வைத்த அறுபத்தைந்து என்ற காற்றழுத்த அளவு மெஷினில் அப்படியே இருந்ததை அவள் பார்க்கவில்லை. பைக்குக்கு முப்பத்திரண்டு போதும்.

மழை பிடித்துக்கொண்டது. சின்னக் கல்லில் ஏறினால்கூடப் பைக் தூக்கிப் போட்டது. கண்ணாடியில் பார்த்தாள். அதே வேன்! ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறானே... ஐயோ, யார் இவன்? பயத்தில் வேகமெடுத்தாள். வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. உயிரே போய் வந்தது. காலை ஊன்றி எப்படியோ நிறுத்திவிட்டாள்.

ஃபிரெடி நனைந்துகொண்டே ஓடிவந்தான்.

“கிட்ட வராதீங்க! போலீஸைக் கூப்பிடுவேன்!”

“கூப்பிடுங்க... ஆனா வண்டிய எடுக்காதீங்க, ப்ளீஸ். டயரை அமுக்கிப் பாருங்க. மெஷின்ல என் வேன் பிரஷரை மாத்தாம விட்டுட்டேன், நீங்க கிளம்பினப்புறம்தான் கவனிச்சேன்.”

அமுக்கினாள். கல் மாதிரி இருந்தது. அவன் மண்டியிட்டுக் காற்றை இறக்கினான்.

“நீங்க விழுந்திருந்தா நான்...” வால்வு மூடியைத் திருகினான். “இது குத்துமதிப்புதாங்க. பங்க்ல போய் சரியா வைக்கணும். மெதுவா போங்க, பின்னாடியே வரேன்.”

“மறுபடியும் துரத்தப் போறீங்களா?” முறைத்தாள். மெஷினைப் பார்க்காதது தன் தப்பும்தான்... சொல்ல வாய் வரவில்லை.

“இந்தத் தடவை ஹாரன் அடிக்க மாட்டேன்.”

கிளம்பினாள். கண்ணாடியில் வேனின் விளக்கு இருந்தது. சிக்னல் தாண்டியதும் காணவில்லை! போய்விட்டானா? பெயர்கூடக் கேட்கவில்லையே... ஓரங்கட்டி மழையில் நின்றாள். கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக வேன் வந்தது. ஃபிரெடி பதறிப்போய் இறங்கினான்.

“சிக்னல்ல மாட்டிக்கிட்டேங்க. ஏன் நின்னுட்டீங்க? டயர்...?”

“டயர் நல்லாதான் இருக்கு.” தலை குனிந்துகொண்டாள். “கண்ணாடில உங்களைக் காணோம்... பயந்துட்டேன்.”