குடலில் அடைப்பு இல்லை

அந்த அலறல் ஸ்கேன் அறைக் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது!

உள்ளே படுத்திருந்த ஓக் மான்சோக், கொரியாவின் பூசான் துறைமுக மீன் சந்தையில் இறால் மொத்த வியாபாரி. ஐம்பத்தெட்டு வயது. இருபது பேரை அதட்டி வேலை வாங்கியவர் இப்போது குழந்தை மாதிரி அழுதார்.

ஆனால் வயிறு...?

தொட்டால் மெத்தென்று இருந்தது.

அதுதான் டாக்டர் போராவுக்குப் பிடிக்கவில்லை. வலி உயிர் போகிறது, வயிற்றிலோ இறுக்கமே இல்லை என்றால் குடலுக்கு ரத்தம் போகவில்லையோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பதினோரு வருடமாக ஸ்கேன் படங்களோடு மாரடிப்பவள் அவள். கிட்னி தாங்காது என்று சர்ஜன் முணுமுணுத்ததைக் காதில் வாங்காமல், ரத்தத்தில் சாய மருந்தை ஏற்றிப் படம் எடுத்தாள்.

திரையில் குடல் விரிந்தது. ரத்தம் ஓடும் இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிய வேண்டும். முக்கால்வாசி கறுத்துக் கிடந்தது.

ரத்தக் கட்டி அடைத்திருக்கும், எடுத்துவிடலாம் என்று சர்ஜன் போனில் தைரியம் சொன்னார்.

"அடைப்பே இல்ல சார். எல்லாக் குழாயும் நூலா சுருங்கிக் கெடக்கு. ஒண்ணு விடாம."

"அப்படின்னா...?"

"யாரோ எதையோ குடுத்திருக்காங்க."

போலீஸ் வந்தது. சர்ஜன் வயிற்றைத் திறந்தார், பார்த்தார், அப்படியே மூடிவிட்டார். சாயங்காலம் தாண்டாது என்றார்.

இன்ஸ்பெக்டர் தோகூன், மான்சோக்கின் மனைவி மல்சூனின் கைப்பையைக் கொட்டினார். ஒற்றைத் தலைவலி மாத்திரை டப்பா. காலி! அளவு மீறினால் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும் ரகம் என்று போரா சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மாத்திரையெல்லாம் எங்கம்மா போச்சு?"

"தெரியலைங்க. புது டப்பா. நான் ஒண்ணுகூடப் போடல."

"நேத்து வலி வர்றதுக்கு முன்னாடி, காலையில அவரு என்ன சாப்பிட்டாரு?"

அழுது வீங்கிய முகத்தில் வெட்கம் எட்டிப் பார்த்தது. நேற்று அவளுக்குப் பிறந்த நாளாம். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகக் கணவரே, அந்த ஊரில் பிறந்த நாளுக்கென்று வைக்கும் கடற்பாசி சூப் வைத்தாராம். அவளை உட்காரவைத்து, கிண்ணத்தில் ஊற்றிக் கையில் கொடுத்தாராம்.

"கிம்ச்சி ஊறுகா எடுக்க உள்ள போனாரு. பார்த்தா, கறியை முழுக்க என் கிண்ணத்துலயே போட்டிருக்காரு. மனசு கேக்கல சார். நல்ல கறி வீட்டு ஆம்பளைக்குத்தானே...? சத்தமில்லாம கிண்ணத்தை மாத்தி வெச்சுட்டேன். போனைப் பார்த்துக்கிட்டே சொட்டு விடாம குடிச்சாரு."

போரா அந்தக் காலி டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

தோகூன் மான்சோக்கின் போனை எடுத்து, ஏதோ ஒரு பெண்ணுக்கு முந்தாநாள் அனுப்பியிருந்த செய்தியைத் திரும்பப் படித்தார். 'நாளையோட அவ தொல்லை முடிஞ்சது.'

"கிண்ணம் மாத்தினதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றாள் மல்சூன். "கோச்சுக்குவாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து நேத்து ஒரு நாள்தாங்க அவரு என்மேல பிரியமா இருந்தாரு."

போரா எழுந்து வெளியே போய்விட்டாள். அங்கே நின்றால் அழுதுவிடுவாள். பின்னாலேயே தோகூன் வந்தார்.

"அந்தம்மாகிட்ட யாரு சார் சொல்றது?"

"நான் மாட்டேன் டாக்டர்."

கையில் தயாராக வைத்திருந்த விலங்கைப் பாக்கெட்டுக்குள் போட்டார்.

"தண்டனையை அவனே சமைச்சு, உப்புப் பார்த்து, மிச்சம் வைக்காம சாப்பிட்டும் முடிச்சுட்டான்... எனக்கு இங்க என்ன வேலை? பாத்திரம் கழுவுறதா?"