பெயரில்லாத டேபிள்

காலையில் அவள் கம்ப்யூட்டரில் வரைந்த படத்தில் அந்த டேபிள் இல்லை. மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஏசியின் ஈரத்துணி வாடையும் தலைக்கு மேலே தள்ளுவண்டிகள் உருளும் கரகரப்பும் எப்போதும் இருக்கிற அந்த அடித்தள அறைக்குத் திரும்பியபோது, திரையின் நட்டநடுவில் பெயரில்லாத ஒரு கட்டம் உட்கார்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸ் ரொம்பப் பழசு. எந்த டேபிள், அதாவது எந்தத் தகவல் பட்டியல், எதோடு இணைகிறது என்று தெரிந்தவர்கள் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்கள். நோயாளி எந்தக் கட்டிலோடு, கட்டில் எந்த வார்டோடு, வார்டு எந்தத் தளத்தோடு என்று ஒவ்வொரு இணைப்பாகத் தேடிப் பிடித்துக் கோடு இழுப்பதுதான் அவள் வேலை. இப்போது மருந்து, சலவை, சமையல் என்று எல்லா டேபிளிலிருந்தும் ஒரு கோடு அந்தக் கட்டத்துக்குள் போனது. அவள் இழுத்த கோடுகள் இல்லை.

சீனியரைப் போனில் பிடித்தாள்.

"அண்ணா, பேரே இல்லாம ஒரு டேபிள் இருக்கே, அது என்னது?"

"உள்ளே ஏதாவது இருக்கா?"

"காலிதான்."

"அப்ப மூடிட்டு வேற வேலையைப் பாரும்மா." போனை வைத்துவிட்டார்.

அவளால் மூட முடியவில்லை. மறுபடி திறந்தாள். ஒரு வரி வந்திருந்தது. ஒரு கட்டில் எண், ஒரு தள எண், அவ்வளவுதான். கோட்டைப் பிடித்துக்கொண்டே போனாள். மூன்றாம் தளம், ஜன்னலோரக் கட்டில், வயதான ஒருவர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரி மறைந்தது. கட்டில் 'காலி' என்று மாறியது.

அதே வார்டில்தான் அவள் தம்பி குடல்வால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தான்.

கூப்பிட்டாள்.

"பக்கத்து பெட் பெரியவரா? காணோம்க்கா. பாத்ரூம் போயிருப்பார்னு பார்த்தா, பெட்ஷீட்டையே மாத்திட்டாங்க."

திரையில் புது வரி. தம்பியின் கட்டில்.

அழித்தாள். அழியவில்லை. இதை நம்பி வேறு வரிகள் இருக்கின்றன என்றது கம்ப்யூட்டர். எவை என்று தேடினாள். வந்தன. வந்துகொண்டே இருந்தன. முடியவே இல்லை.

"டேய், வீல்சேர்ல ஏறி உடனே கீழே வா."

"தையல் பிச்சுக்கும்க்கா."

"என் உயிரை வாங்காதே. வாடா!"

சக்கரத்தின் கிறீச். லிஃப்ட் கதவு. "யாரோ தள்ளிட்டு வராங்க. திரும்பிப் பார்க்க முடியல, வயிறு இழுக்குது."

"யாருன்னு கேளு."

"கேட்டேன். பேச மாட்டேங்கிறாங்க."

வரியில் தளம் மாறியது. இரண்டு. ஒன்று. தரைத்தளம். அடித்தளம்.

வெளியே லிஃப்ட் மணி அடித்தது. அப்பாடா என்று எழுந்தாள்.

தளம் மறுபடி மாறியது. அடித்தளத்துக்கும் கீழே ஓர் எண். தளங்களின் டேபிளில் அப்படி ஒன்றே கிடையாது. இல்லாத எண்ணைக் கம்ப்யூட்டர் உள்ளே விடவே கூடாது. விட்டிருந்தது. அதற்கும் கீழே இன்னொன்று.

போனோடு ஓடினாள். லிஃப்ட் திறந்தே நின்றது. உள்ளே வீல்சேர். சக்கரங்கள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. இருக்கையில் ஓர் ஆள் உட்கார்ந்த பள்ளம். யாரும் இல்லை.

"அக்கா," என்றான் தம்பி, காதுக்குள். "இன்னும் இறங்கிட்டே இருக்குக்கா. எங்கே நிக்கிறே?"