இருநூற்றுப் பதினெட்டுக் கையெழுத்து

செவ்வாய்க்கிழமை, மாலை மணி 4.05.

கீழ்த்தள அறை அலமாரியின் எண் பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஃபைல் இல்லை. நிவேதிதா தண்ணீர்ப் போத்தல்களை நகர்த்திப் பார்த்தாள். தீபாவளி விளக்குப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பச்சை ஃபைல், பதினாறு தாள், இருநூற்றுப் பதினெட்டு வீட்டுக் கையெழுத்து. மூன்று மணிக்குக் கடைசித் தாளை அவளே உள்ளே வைத்துப் பூட்டினாள். இடையில் ஓடியது ஒரு மணி நேரம்தான்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கிறது அந்த அடுக்குமாடிப் புளோக். அதன் பின்பக்கச் சாலையில் கார்கள் இரண்டு வரிசையாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமையென்றால் மூன்று வரிசை. மூன்று மாதத்துக்கு முன்பு அப்படி நின்ற ஒரு காரின் மறைவிலிருந்து வந்த வேன், மூன்றாம் மாடி வெங்கட்டை இடித்துத் தள்ளியது. பேருந்து ஓட்டுபவர். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அடுத்த வாரத்திலிருந்து ஊன்றுகோலோடு அதே சாலையைக் கடந்துதான் அவர் தினமும் சிகிச்சைக்குப் போயாக வேண்டும். அங்கே ஒரு வேகத்தடை, கடப்பதற்கு ஒரு கோடு, கார் நிற்க முடியாதபடி நாலு கம்பம். மனுவில் கேட்டது அவ்வளவுதான். இந்த ஆண்டு வேலைகளின் பட்டியலை நகர மன்றம் இன்றோடு முடிக்கிறது. ஃபைல் கைக்கு வராவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

மனுவை வாங்க அதிகாரி ஆறு மணிக்கு இதே கீழ்த்தள அறைக்கு வருவதாக இருந்தது. முதலில் ஐந்து மணி என்றுதான் முடிவாகியிருந்தது. ஐந்தரை வரை ராகு காலம், நல்ல காரியத்தை அதில் செய்யக் கூடாது என்று வெங்கட்டின் மனைவி விசாலாட்சி பிடிவாதம் பிடித்ததால் ஆறாக மாறியது. நிவேதிதா சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தாள்.

மணி 4.15.

செல்லக்கண்ணு அக்கா வந்து பூட்டைப் பார்த்தார். முப்பது வருடம் பார்க்கிங் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். புளோக்கில் பாதிப் பேர் அவர் கையால் அபராதச் சம்மன் வாங்கியவர்கள். ஆனாலும் ஏதாவது காணோம் என்றால் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கார் நிறுத்திய நேரத்தைக் காட்டும் பார்க்கிங் கூப்பனில் நேரத்தை மாற்றிக் கிழித்து வைப்பவர்களைத் தேடித் தேடியே அவருக்கு வயதாகிவிட்டது. ஒருவர் நேரம் சொன்னால் போதும், அதில் எவ்வளவு கலப்படம் என்று சொல்லிவிடுவார்.

"படம் எடுத்து வைக்கலையா?"

"எடுத்திருக்கேன்கா. ஆனா ஒரிஜினல் கையெழுத்துதான் வேணும்னு சொல்லிட்டாங்க."

"லிஃப்ட் பக்கத்துல கேமரா இருக்கே?"

"அது போலீஸ் கேமரா. காகிதம் காணோம்னு கேட்டா ஆறு மணிக்குள்ள குடுப்பாங்களா?"

"பூட்டு நம்பர் யாருக்கெல்லாம் தெரியும்?"

நிவேதிதா விரல் விட்டு எண்ணினாள். அவள். குடியிருப்பாளர் குழுத் தலைவர் பரமசிவம். விசேஷங்களுக்குப் பானப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் மளிகைக் கடை இஸ்மாயில். வெங்கட்டின் சக்கர நாற்காலி மெத்தையை அங்கே வைக்கும் விசாலாட்சி.

"விசாலாட்சி அக்காவ விட்டுடுங்க. அவங்க புருஷனுக்காகத்தானே இவ்வளவும்."

மணி 4.20.

பொறாமைக்கு அந்தப் புளோக்கில் பஞ்சமே இல்லை. பதினெட்டு வருடமாகத் தலைவராக இருக்கும் பரமசிவத்தால் இருபது கையெழுத்துக்கு மேல் திரட்ட முடிந்ததில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்து நாலே வருடமான நிவேதிதா பத்து நாளில் இருநூற்றைத் தாண்டினாள். போன வாரம் பத்திரிகையில் அவள் படம் வேறு. அதிலிருந்து பரமசிவத்துக்குச் சாப்பாடு செரிக்கவில்லை.

"நான் எடுத்திருந்தா பெருமையா சொல்லிருப்பேன் லா," என்றார் அவர். "மூணு மணிலருந்து பாலிகிளினிக்ல. சுகர் டெஸ்ட்."

வரிசை எண் சீட்டில் 3.12. மருந்து ரசீதில் 3.54. செல்லக்கண்ணு இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மணி 4.35.

செல்லக்கண்ணு தட்டியதும் விசாலாட்சி கதவைத் திறந்தாள். தேவகோட்டைக்காரி, கல்யாணமாகிப் பதினாறு வருடத்துக்கு முன் கடல் தாண்டி இங்கே வந்தவள். கூடத்துச் சோபாவில் வெங்கட் காலை நீட்டித் தலையணை மேல் வைத்திருந்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை.

"ஃபைல் காணோமா? ஐயோ, நிவேதிதா எப்படி இருக்காங்க?" என்று பதறினார். "பாவம் நிவேதிதா. ராத்திரி பகலா அலைஞ்சாங்க. நிவேதிதா மாதிரி ஒரு ஆளு…"

விசாலாட்சி தண்ணீர்த் தம்ளரை மேசையில் வைத்த சத்தத்தில் அவர் பேச்சை நிறுத்தினார்.

"எல்லாரையும் கேக்கிறேன் விசாலம், தப்பா எடுத்துக்காதே. மூணுலருந்து நாலு வரைக்கும் எங்க இருந்தே?"

"வீட்லதான்கா. செவ்வாய்க்கிழமை மூணுலருந்து நாலரை ராகு காலம். அந்த நேரத்துல நான் வாசல் தாண்ட மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். புளோக்குக்கே தெரியும். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் பழுதாகி மணி அடித்தால்கூட அவள் எட்டிப் பார்க்க மாட்டாள்.

"நான் தூங்கிட்டேன்," என்றார் வெங்கட். "எழுந்ததுலருந்து கால் வலி. இந்தத் தலையணை இன்னிக்குப் பலகை மாதிரி இருக்கு."

"சரி, கீழ வாயேன், எல்லாரும் தேடுறாங்க," என்றார் செல்லக்கண்ணு.

"அஞ்சரை ஆகட்டும்கா. வர்றேன்."

மணி 4.50.

கம்பம் நட்டால் அதிகம் நஷ்டப்படுபவர் முகமது இஸ்மாயில். அவர் கடைச் சரக்கு லாரி நிற்பதே அந்தச் சாலையில்தான். அவர் முகம் ஏற்கெனவே கடுகடுவென்று இருந்தது.

"அக்கா, நானே நொந்து போயிருக்கேன். மூணு இருபதுக்கு லாரிக்குச் சம்மன். அந்த வார்டன் பொண்ணுகிட்ட நாலு மணி வரைக்கும் மன்றாடினேன். கேக்கல."

சம்மனில் நேரம் இருந்தது. சண்டையைப் பார்த்த நாலு பேர் கடை வாசலிலேயே இருந்தார்கள். ஒருத்தர் வீடியோ எடுத்து வைத்திருந்தார். அதில் இஸ்மாயில் பாய் ஓரிடத்தில் கும்பிடவும் செய்கிறார். செல்லக்கண்ணு அந்த வார்டன் பெண்ணை மனத்துக்குள் மெச்சிக்கொண்டார். அந்த வேலையை இப்போது வேறொருத்தி செய்கிறாள் என்பதில் அவருக்கும் கொஞ்சம் எரிச்சல்தான்.

மணி 5.10.

செல்லக்கண்ணு, நிவேதிதாவை அழைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார். கதவைச் சாத்தினார்.

"வெங்கட், காலைக் கொஞ்சம் தூக்குங்க."

தலையணை உறைக்குள்ளிருந்து பச்சை ஃபைல் வந்தது. நிவேதிதா, ஃபைலையும் விசாலாட்சியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரே செவ்வாய்க்கிழமைல ரெண்டு ராகு காலமா, விசாலம்?" என்றார் செல்லக்கண்ணு. "என்கிட்ட மூணுலருந்து நாலரைன்னு சொன்னே. அது முடிஞ்ச பிறகுதான் நான் கீழ கூப்பிட்டேன். அப்பவும் அஞ்சரை ஆகட்டும்னே. அதிகாரி வர்ற நேரத்த மாத்தினப்பவும் அஞ்சரைதான் சொன்னே. இங்க சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆவுது. அதனால ராகு காலமும் ஊரைவிட ஒரு மணி நேரம் தள்ளி வரும். உன் சமையல்கட்டுல தொங்குற கோயில் காலண்டர்ல நாலுலருந்து அஞ்சரைன்னுதான் போட்டிருக்கும். பதினாறு வருஷமா நீ நடக்கிறது அந்தக் கணக்குலதான். நான் திடீர்னு கேட்டதும், சின்ன வயசுல மனப்பாடம் பண்ணின ஊர்க் கணக்கு வாய்க்கு வந்துடுச்சு."

விசாலாட்சியின் பார்வை சமையல்கட்டுக் காலண்டர் பக்கம் போனது.

"மூணு மணிக்கு மேல இவ போனதும் நீ இறங்கிருக்கே. நாலு அடிக்கிறதுக்குள்ள மேல வந்துட்டே. திருடப் போனதுகூட நல்ல நேரம் பாத்துத்தான்."

"ஏன் விசாலம்?" என்று வெங்கட் கேட்டார். "எனக்காகத்தானே அந்தப் பொண்ணு…"

"அந்தப் பொண்ணு வர்றான்னா இஸ்திரி போட்ட சட்டை கேக்கிறீங்க!" விசாலாட்சியின் குரல் உடைந்தது. "மூணு மாசமா உங்களைக் குளிப்பாட்டுறது நான். எனக்காக ஒரு நாளாச்சும் சட்டை மாத்தினீங்களா? பேப்பர்ல அவ படம். அதுல நீங்க 'காயமடைந்த ஓர் ஆடவர்'. நான் அதுலகூட இல்ல. ஒரு வீட்டுக்கு ஒரு கையெழுத்துன்னு உங்ககிட்ட வாங்கிட்டுப் போனா. பக்கத்துலதான் நின்னேன். பேனாவ என் பக்கம் நீட்டக்கூட இல்ல."

"அதுக்காக என் காலுக்குக் கீழேயா?"

"கிழிச்சுப் போடத்தான் எடுத்தேன். முடியல. அந்த ரோட்ட நீங்கதானே தாண்டணும்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "பொறாமைதான்கா. எனக்கே தெரியுது. தாங்க முடியல."

வெங்கட் தலை குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். நிவேதிதாவுக்குக் கோபம் வந்தது, வெட்கமும் வந்தது. பேனாவை நீட்டாதது அவளுக்கு நினைவே இல்லை.

செல்லக்கண்ணு ஃபைலை எடுத்து விசாலாட்சியின் மடியில் வைத்தார். "சக்கர நாற்காலி மெத்தையோட தவறி மேல வந்துடுச்சுன்னு கீழ சொல்றேன். அஞ்சரைக்கு மேல நீயே எடுத்துட்டு வா. அதிகாரிகிட்ட நீயே பேசு. என்ன நிவேதிதா?"

நிவேதிதா தலையாட்டினாள். மாட்டேன் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

மணி 6.10.

கீழ்த்தள அறையில் உட்கார இடமில்லை. வெங்கட்டைச் சக்கர நாற்காலியில் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். ஏழு நிமிடம் பேச நிவேதிதா தயாரித்திருந்த குறிப்புகள் அவள் கைப்பையிலேயே இருந்தன. விசாலாட்சியிடம் குறிப்பு ஏதும் இல்லை.

"இவர வச்சுத் தள்ளிக்கிட்டு அந்த ரோட்டத் தாண்ட எனக்கு ஒரு நிமிஷம் பத்து செகண்ட் ஆவுது," என்றாள் அதிகாரியிடம். "நிக்கிற காருக்கு நடுவுல புகுந்து போகணும். எந்தப் பக்கம் வண்டி வருதுன்னு தெரியாது. நான் முதல்ல தலைய நீட்டிப் பாத்துட்டு அப்புறம்தான் நாற்காலிய இழுப்பேன். அடிச்சா என்னை அடிக்கட்டும்னு. அடுத்த வாரம் அவரு ஊன்றுகோல்ல தனியா போகணும். எனக்கு வேலை இருக்கு, கூடப் போக முடியாது."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு, இது இந்த ஆண்டுப் பட்டியலில் சேரும் என்றும், கம்பங்களை இந்த வாரத்துக்குள்ளேயே தற்காலிகமாக நட்டுவிடலாம் என்றும் சொன்னார். கைதட்டல் எழுந்தது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் பரமசிவம். படம் எடுக்கும்போது விசாலாட்சியைப் பிடித்து நடுவில் நிறுத்தியவரும் அவர்தான்.

வெங்கட் நாற்காலியில் இருந்தபடியே மனைவியை அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. இப்போதுதான் புதிதாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். விசாலாட்சி அதைக் கவனிக்கவில்லை. அதிகாரிக்குத் தன் தொலைபேசி எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கவனித்தது நிவேதிதாதான். வரிசையின் ஓரத்தில், பாதித் தோள் படத்துக்கு வெளியே நிற்கும்படி நின்றிருந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பத்து நாள் இருநூற்றுப் பதினெட்டுக் கதவு தட்டியவள் அவள். வயிறு எரிந்தது. கூட்டம் கலைந்ததும் விசாலாட்சியிடம் போனாள்.

"நல்லாப் பேசினீங்கக்கா," என்றாள். அந்த இரண்டு சொல்லைச் சொல்லி முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.